சம்படத்துக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகை

ஆட்டோ மந்தைவெளி தாண்டியதும் நின்றுவிட்டது. மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு. தடுப்பைச் சுற்றி நாங்கள், இரண்டு மாநகரப் பேருந்துகள், ஒரு தண்ணீர் லாரி. என் வீட்டுக்காரர் மடியில் ஒரு எவர்சில்வர் சம்படம். அதன் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஓட்டுநர் கண்ணாடி வழியாக அதைக் கொஞ்ச நேரமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“அம்மாவா சார், அப்பாவா?”

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னது?”

“அஸ்திதான சார்? கரைக்கத்தான போய்க்கினு கீறீங்க? அடையார்ல எறங்குனா அந்தாண்ட ரொம்ப தூரம் நடக்கணும் சார். நான் நேரா பீச்சாண்டயே வுட்டுர்றேன். எக்ஸ்ட்ரா துட்டுலாம் வாணாம்.”

நல்ல மனிதர். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அது சிரிக்கிற நேரமில்லை என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“அஸ்தி இல்லைப்பா. போன்” என்றார் இவர்.

ஓட்டுநர் திரும்பி இவரைப் பார்த்தார், சம்படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் அடையாறு பாலம் வரை அவர் வாயே திறக்கவில்லை.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது இந்திரா நகரில் இருக்கும் என் நாத்தனார் வைதேகியின் வீட்டுக்கு. இவருடைய ஒரே அக்கா. அந்த வீட்டுப் படியை நாங்கள் மிதித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அன்று காலையிலிருந்து அவள் போனை எடுக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவள் கணவர் அவளுக்கென்று விட்டுப்போன சேமிப்பு முழுவதும் வங்கியிலிருந்து காணாமல் போயிருக்கலாம். திருடனுக்கு அவள் வீட்டு வழியைக் காட்டியது என் வீட்டுக்காரருடைய போன்.

பால்கனிப் பிரசங்கம்

இந்தத் தொடரைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரை நன்றாகவே தெரியும். அவர் சமையலறையில் செய்த சீர்திருத்தங்களை இங்கே எழுதியதற்காக என்னோடு பேசாமல் இருந்து, பிறகு ரசத்துக்கு உப்பு போதவில்லை என்று சொல்வதற்காகப் பேச ஆரம்பித்தவர். பெயர் ராஜகோபாலன். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து மயிலாப்பூரை மோசடிக்காரர்களிடமிருந்து காப்பாற்றுவதே அவருக்கு முழுநேர வேலை.

தினமும் காலையில் காபி குடித்ததும் பால்கனி நாற்காலியில் உட்காருவார். போனை வாய்க்கு அருகில் பிடித்துக்கொள்வார். முதலில் ஒரு கனைப்பு. சின்னதாக ஒன்று, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பெரிதாக ஒன்று. என் மாமனாரும் அப்படித்தான் கனைப்பாராம். அவர் கோயிலிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமாம், சாதம் பரிமாறலாம் என்று.

கனைப்பு முடிந்ததும், “அன்பர்களே, இன்றைய எச்சரிக்கை” என்று ஆரம்பிப்பார்.

ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். எந்த ஊர்ப் போலீசும் வீடியோவில் வந்து யாரையும் கைது செய்வதில்லை. இன்றே கரண்ட்டைப் பிடுங்கிவிடுவோம் என்று மின்வாரியத்தின் பெயரில் குறுஞ்செய்தி வந்தால் அதிலிருக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் எந்த கியூஆர் கட்டத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. உங்களை யாராவது அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள்.

எல்லாம் நல்ல விஷயம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் குக்கர் நாலு விசில் அடித்து அடங்கிய பிறகும் பிரசங்கம் அடங்காது. முடித்ததும் போனில் பெயர் இருக்கும் அத்தனை பேருக்கும் அனுப்பிவிடுவார். சொந்தக்காரர்கள், பழைய சகாக்கள், காய்கறிக்காரர், பல் வைத்தியர், யாரும் தப்ப முடியாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். பக்கத்து ஃபிளாட்காரர்கள் மட்டும் கேட்பார்கள், அதுவும் பால்கனிக் கதவைச் சாத்த மறந்த நாளில்.

அவர் தைரியசாலிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒருத்தன் போலீஸ் அதிகாரி குரலில் கூப்பிட்டு, உங்கள் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று உறுமினான். இவர் பதறவே இல்லை. “அப்படியா, எழுத்துமூலமாகக் கொடுங்கள். மூன்று பிரதி. ஒவ்வொன்றிலும் முத்திரை வேண்டும். பிரிவு அதிகாரி கையெழுத்தும் வேண்டும்” என்று வங்கியில் முப்பது வருஷம் மற்றவர்களைப் படுத்திய அதே பாணியில் படுத்தினார். அவன் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு அவனாகவே வைத்துவிட்டான். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம்.

திருடனும் பஞ்சாங்கம் பார்ப்பான்

அப்படிப்பட்டவர் எப்படி மாட்டிக்கொண்டார் என்றால், அது ஆவணி மாதம். மண்டபம் மண்டபமாக நாதஸ்வரம் கேட்கிற சமயம். காலையில் நான் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். நார் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. இவர் போனைத் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“லலிதா, ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு. அவசியம் குடும்பத்துடன் வரவும்னு போட்டிருக்கு. நம்பர் யாரோடதுன்னு தெரியலை.”

“தெரியலேன்னா யாருன்னு கேளுங்கோளேன்.”

நான் என்னமோ கோயில் உண்டியலை உடைக்கச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. ரொம்ப நாளைக்கு முன்னால் என் சித்தி பிள்ளை ஒருவன் தன் கல்யாணத்துக்கு நாள் குறித்தவுடன் ஆசையாகப் போன் செய்தான். இவர் எடுத்து, “நீங்க யார் பேசறது?” என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அத்திம்பேருக்கு என்னை யாரென்றே தெரியவில்லை என்று அவன் சுற்றம் முழுக்கச் சொல்லி, சித்தி மூக்கைச் சிந்தி, கடைசியில் நாங்கள் இருவரும் பழத்தட்டோடு தி.நகருக்குப் போய்ச் சமாதானம் செய்துவிட்டு வந்தோம். அன்றைக்கு இவர் ஒரு முடிவு எடுத்தார். கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவரைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பதே இல்லை. யாராக இருந்தாலும், “பேஷா வரோம்.” மண்டபத்துக்குப் போய், சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, திரும்பி வரும் வழியில் ஆட்டோவில்தான் யார் கல்யாணம் என்று நாங்கள் இருவரும் கூடிக் கண்டுபிடிப்போம். சில கல்யாணங்களை இன்னமும் கண்டுபிடிக்கவில்லை.

போலீஸ்காரனிடம் மூன்று பிரதி கேட்கத் தெரிந்தவருக்குக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவனிடம் பெயர் கேட்க வாய் வரவில்லை. எங்கள் மனிதர்களுடைய பலவீனமான இடம் அது. அதை எந்த ஊர்த் திருடன் கண்டுபிடித்தானோ, கெட்டிக்காரன்.

இவர் பத்திரிகையைத் தொட்டார். அது திறக்கவில்லை. இதற்கு அனுமதி கொடு என்றது. கொடுத்தார். அதற்கு அனுமதி கொடு என்றது. அதையும் கொடுத்தார். “ஏதோ புது மாதிரி பத்திரிகை. நாதஸ்வரமெல்லாம் வாசிக்கும் போலிருக்கு” என்று நம்பிக்கையோடு காத்திருந்தார்.

நாதஸ்வரம் வரவில்லை. போன் மட்டும் தோசைக்கல் மாதிரி சுட்டது.

“நாங்க ஒண்ணும் திறக்கலை”

கொஞ்ச நேரத்தில் என் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் தி.நகர் சித்தி.

“ஏண்டி லலிதா, பொண்ணுக்குக் கல்யாணம்னா வாட்ஸாப்புல அனுப்பறதா? நானென்ன ரோட்டுல போறவளா? உன் ஆத்துக்காரர் அனுப்பின பத்திரிகையை நான் திறக்கக்கூட இல்லை. திறக்கவும் மாட்டேன். கல்யாணத்துக்கு நாங்க யாரும் வரப்போறதும் இல்லை.”

எந்தக் கல்யாணம் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாள். அடுத்தது இவருடைய பெரியப்பா பிள்ளை. அதே கோபம், இன்னும் கொஞ்சம் கனமான குரலில். அவருக்கு அடுத்து மாட வீதிக் காய்கறிக்கடை காசி.

“இன்னாமா, பாப்பாவுக்குக் கல்யாணம்னு ஐயா போன்ல அனுப்பிக்கீறாரு? டெய்லி கடையாண்ட வந்து ஓசி கொத்தமல்லி வாங்கிக்கினு போறாரு, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. நான் அத்த தொறக்கவே மாட்டேன்மா. நேர்ல வந்து குடுக்கச் சொல்லு.”

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஒரே பெண் நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகவே இல்லை. ஜாதகத்தை எடுத்தாலே அவள் வீட்டைவிட்டு வெளியே போய்விடுவாள். அவளிடமிருந்தே அடுத்த போன், பெருங்குடி அலுவலகத்திலிருந்து.

“அம்மா, எனக்குக் கல்யாணமாமே? மாப்பிள்ளை யாரு? லீவு போடணும், தேதியாவது சொல்லு” என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். நடுவில் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். “இரு. அப்பா போன்லேர்ந்தா வந்திருக்கு? அப்பா அதைத் தொட்டாரா?”

தொட்டார் என்றேன். அவள் போட்ட சத்தத்தில் பால்கனியிலிருந்த இவரே எழுந்து வந்துவிட்டார். அது பத்திரிகையே இல்லையாம். பத்திரிகை வேஷம் போட்ட திருட்டுச் செயலி. போனுக்குள் புகுந்துகொண்டு, வங்கியிலிருந்து வரும் ரகசிய எண்களைத் தானே படித்துக்கொள்ளுமாம். நாம் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை. போதாததற்கு நம் பெயரிலேயே நமக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தன்னை அனுப்பிக்கொள்ளுமாம். என் மகள் சொல்லச் சொல்ல இவர் செய்தார். இணையத்தைத் துண்டித்தார், சிம் கார்டைக் கழற்றினார், என் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொன்னார், சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தார். பார்க்கவே பாவமாகத்தான் இருந்தது.

நல்லவேளை, பணம் போகவில்லை. போனது மானம் மட்டும்தான்.

எல்லாம் முடிந்ததும் அணைத்த போனைச் சமையலறைக்குக் கொண்டுவந்து என் முறுக்குச் சம்படத்தில் போட்டு இறுக்கி மூடினார். “எவர்சில்வருக்குள்ள சிக்னல் போகாது” என்றார். போனுக்கு உயிரே இல்லை, எதற்குச் சம்படம் என்று கேட்கலாம்தான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்க மனம் வரவில்லை.

பிறகு நானும் நித்யாவும் ஆளுக்குப் பாதிப் பேராகக் கூப்பிட்டு, திறக்காதீர்கள், திறக்காதீர்கள் என்று எல்லோரையும் எச்சரித்தோம். அப்போதுதான் அந்த அதிசயம் தெரிந்தது. ஒருத்தர்கூடத் திறந்திருக்கவில்லை!

எச்சரிக்கையால் அல்ல. கோபத்தால்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குக் கூப்பிடுவது என்றால் புருஷனும் பெண்டாட்டியும் நேரில் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமத்தோடு பத்திரிகையை வைத்து, “நீங்க முன்னாடியே வந்து நடத்திக் குடுக்கணும்” என்று சொல்லி, கொடுக்கும் காபியில் ஒரு வாயாவது குடித்துவிட்டு வர வேண்டும். அப்போதுதான் அது அழைப்பு. மற்றதெல்லாம் வெறும் தகவல். நாக்கு வறண்டு, மாடிமாடியாக ஏறி இறங்கி, வயிறு முழுக்கக் காபியோடு நடந்த நாட்களில் இந்த வழக்கத்தை நான் சபிக்காத சாபம் இல்லை. அன்றைக்கு மனதுக்குள் அதற்கு ஒரு நமஸ்காரம் பண்ணினேன். இவருடைய பிரசங்கங்கள் எல்லாம் சேர்ந்து சாதிக்காததை எங்கள் ஜனங்களின் முறைப்பு சாதித்துவிட்டது.

விட்டுப்போன ஒரு பெயர்

“அத்தைக்கும் போயிருக்குமோம்மா?” என்று நித்யா கேட்டாள்.

இவர் சம்படத்தைப் பார்த்தார்.

அக்காவுக்கும் இவருக்கும் பேச்சு நின்றுபோனதும் ஒரு அழைப்பினால்தான். இவருக்கு அறுபது நிறைந்தபோது வீட்டோடு சின்னதாக ஒரு விசேஷம் வைத்தோம். ஊரடங்கு ஒருவழியாக முடிந்து, எல்லோரும் எல்லாவற்றையும் போனிலேயே முடித்துக்கொண்டிருந்த சமயம். வெளி மனிதர்கள் வீட்டுக்கெல்லாம் இரண்டு பேரும் நேரில் போனோம். அக்காவுக்கு மட்டும் இவர் வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டார். “எங்க அக்காவுக்கு எதுக்கு பார்மாலிட்டி?” என்பது இவர் கட்சி. “கூடப் பொறந்தவளுக்குப் போன்ல ஒரு பொத்தானா?” என்பது அக்கா கட்சி. அவள் வரவில்லை. வரவில்லையே என்று இவர் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லையே என்று அவள் குடும்ப வாட்ஸாப் குழுவைவிட்டு வெளியேறினாள். இரண்டு பேருக்கும் அப்பாவின் பிடிவாதம், பாகப்பிரிவினை செய்ததுபோல் ஆளுக்குச் சரிபாதி. நடுவில் நான் போன் செய்தால் அக்கா என் உடம்பை விசாரிப்பாள், நித்யாவை விசாரிப்பாள், வீட்டு வேலைக்காரியைக்கூட விசாரிப்பாள். தம்பி பெயர் மட்டும் வராது.

இவருடைய பால்கனிப் பிரசங்கம் அக்காவுக்கும் போகிறதா என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

“போயிண்டிருக்கு. அவ பேரை அதுலேர்ந்து எடுக்கத் தெரியலை” என்றார்.

மயிலாப்பூரில் பாதிப் பேருக்குப் போன் கற்றுக்கொடுத்த மனிதருக்கு அது மட்டும் தெரியவில்லையாம். நானும் நம்பிவிட்டேன்.

“ஊர்ல ஒருத்தரும் திறக்கலை. அவளா திறப்பா?” என்று இப்போது கேட்டார். “நான் அனுப்பினதுன்னா தொடக்கூட மாட்டா.”

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்றவர்களுக்கு அன்று காலையில் வந்த கோபம், சூடாக இருந்தது. அக்காவின் கோபம் வருஷக்கணக்கில் கிடந்தது. இத்தனை நாள் கழித்துத் தம்பியின் பெயரில் ஒரு பத்திரிகை, அதுவும் தான் தூக்கி வளர்த்த நித்யாவின் கல்யாணப் பத்திரிகை என்றால் அவள் திறக்காமல் இருப்பாளா? கூப்பிட்டேன். மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் துண்டிக்கப்பட்டது. நித்யா கூப்பிட்டாலும் அதே கதை. எடுக்காமல் இருந்தால்கூடத் தூங்குகிறாள் என்று நினைக்கலாம். யாரோ துண்டிக்கிறார்கள். அந்த யாரோ அக்காதானா?

இவர் எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். “ஆட்டோ பிடி லலிதா” என்றார். சம்படத்தையும் தூக்கிக்கொண்டார். வீட்டில் விட்டால் அதுபாட்டுக்கு இன்னும் யாரையாவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிடும் என்று பயம்.

வா ராஜு

இந்திரா நகர் வீட்டு வாசலில் இறங்கியதும் இவர் நின்றுவிட்டார். முதல் மாடிதான். ஆனாலும் முதுகில் கைவைத்துத் தள்ளித்தான் ஏற்றினேன். மணியை அழுத்தியதும் நான்.

அக்கா கதவைத் திறந்தாள். முன்னைவிடத் தலை நன்றாக நரைத்திருந்தது. மூக்குக் கண்ணாடி நெற்றியில், போன் கையில், அதிலிருந்து சார்ஜர் ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த சம்படத்தைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“வா ராஜு” என்றாள். “கார்த்தால வாட்ஸாப்புல அனுப்பிட்டு, மனசு கேக்காம நேர்லயும் வந்துட்டியாக்கும்? புத்தி வந்துடுத்துடா உனக்கு. உக்காரு, உக்காரு. லலிதா, நீயும் வாம்மா. இரு, குங்குமம் எடுத்துண்டு வரேன்.”

பெண் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். இவர் வாயைத் திறந்தார், மூடினார். கூடத்து நாற்காலியின் முதுகில் ஒரு அரக்குப் பட்டுப்புடவை, பீரோ வாசனையோடு, பிரித்துப் போட்டிருந்தது. கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ள எடுத்து வைத்திருக்கிறாள்.

குங்குமச் சிமிழோடு வந்தவள், “யாருடா மாப்பிள்ளை? நித்யா வாயே திறக்கலையே, கள்ளி” என்றபடி அவர் கையிலிருந்த சம்படத்தை உரிமையோடு வாங்கினாள். “என்ன, லலிதா மனோகரம் பண்ணினாளா?”

மூடியைத் திறந்தாள்.

உள்ளே போன், முறுக்குத் தூளோடு.

அக்கா போனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். இனிமேலும் சும்மா இருக்க முடியாது என்று இவர் ஒருவழியாகப் பேசினார். அந்தப் பிரசங்கக் குரல் எங்கே போயிற்றோ, பள்ளிக்கூடத்தில் தப்பு செய்துவிட்டு நிற்கிற பையன் குரல்தான் வந்தது.

“அக்கா, அந்தப் பத்திரிகையைத் திறந்தியா?”

“எங்கடா திறக்கறது? கார்த்தாலேர்ந்து அதோடதான் மல்லுக்கட்டிண்டு இருக்கேன். இடம் இல்லை, இடம் இல்லைங்கறது. எதையாவது அழிச்சாத்தான் பத்திரிகை இறங்குமாம். எதை அழிக்கறதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன். நடுவுல லலிதா கூப்பிடறா, நித்யா கூப்பிடறா. யாராவது கூப்பிட்டா பத்திரிகை மறைஞ்சு போயிடறது. அதான் கட் பண்ணிண்டே இருந்தேன்.”

இவர் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது எங்கள் இரண்டு பேருக்கும்.

“அது திருட்டுப் பத்திரிகைக்கா. நித்யாவுக்குக் கல்யாணம் இல்லை. நான் ஏமாந்துட்டேன்.”

அக்கா குங்குமச் சிமிழை மேசைமேல் வைத்தாள். நாற்காலியிலிருந்த புடவையை எடுத்து, மடிப்பு கலையாமல் மடித்தாள். நிதானமாக மடித்தாள். “அப்போ நீ கூப்பிட வரலை” என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பணம் தப்பியதற்காகச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை.

அந்த விஷச் செயலியையாவது நீக்கலாம் என்று அவள் போனை வாங்கினேன். அவள் கணவர் இருந்தபோது வாங்கித் தந்த பழைய போன். அதில் கொள்ளும் இடமே கொஞ்சம். அதை எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். மற்றவர்கள் அனுப்பும் காலை வணக்கம், ரோஜாப்பூ, சுவாமி படம் எதுவுமே இல்லை. அவற்றையெல்லாம் அன்றன்றைக்கே துடைத்துவிடுவாளாம். இருந்ததெல்லாம் ஒரே மாதிரிக் குரல் பதிவுகள். மேலே மேலே தள்ளிக்கொண்டே போனேன். முடியவே இல்லை. எல்லாம் ஒரே ஆளிடமிருந்து.

போனை இவரிடம் நீட்டினேன். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரில் ஒருவரும் கேட்காத பால்கனிப் பிரசங்கம் அத்தனையும் அங்கே இருந்தது. அவை அடைத்துக்கொண்டதால்தான் திருடனுக்கு உள்ளே நுழைய இடம் இல்லாமல் போயிற்று.

“எல்லாத்தையும் கேட்டியாக்கா?” என்று கேட்டார்.

“மோசடி கீசடியெல்லாம் யாருடா கேப்பா? அறுவை” என்றாள் அக்கா. புடவையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். “ஆரம்பத்துல தொண்டையைக் கனைப்பியே, அப்பா மாதிரி. அது வரைக்கும் கேட்டுட்டு நிறுத்திடுவேன். தினம் கேப்பேன்.”

கீழே தள்ளுவண்டியில் யாரோ பழம் கூவிக்கொண்டு போனார்கள்.

நான் அந்தப் போலிப் பத்திரிகையை அழிக்கப் போனபோது அக்கா சட்டென்று திரும்பினாள்.

“லலிதா, அதை மட்டும் அழி. மத்ததுல கை வைக்காதே.”

அப்புறம் காபி போட உள்ளே போனாள். இவரும் பின்னாலேயே போனார். பால் பாத்திரத்தை எடுக்கப்போய்க் கீழே போட்டிருப்பார் போலிருக்கிறது. “அறுபது ஆனாலும் உனக்குக் கை நிதானமே வரலைடா” என்று அக்கா திட்டுவது கூடத்துக்குக் கேட்டது. கேட்க நன்றாக இருந்தது.

மறுநாள் காலை இவருடைய போன் சுத்தம் செய்வதற்காகக் கடையில் இருந்தது. பால்கனி நாற்காலியில் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். அப்பாடா, இன்றைக்காவது மயிலாப்பூர் நிம்மதியாக இருக்கட்டும் என்று நான் குக்கரை ஏற்றினேன். வழக்கமாகப் பிரசங்கம் போகிற நேரம் தாண்டியதும் என் போன் அடித்தது. அக்கா.

“என்னடி, இன்னிக்கு அவன் கனைக்கவே இல்லையே? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

நான் போனைக் கொண்டுபோய் இவர் கையில் கொடுத்தேன். வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டார். சின்னதாக ஒரு கனைப்பு. கொஞ்சம் இடைவெளி. பெரிதாக ஒன்று.

அன்பர்களே என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று பார்த்தேன்.

“அக்கா, இன்னிக்கு எச்சரிக்கையை நேர்ல வந்து சொல்றேன்” என்றார்.